மாதிரிப் படகுகளின் உலோகப் பொருத்துகள்

மாதிரிப் படகுகளின் உலோகப் பொருத்துகள் என்பன, மரத்தால் கட்டப்படும் சிறு அளவு மாதிரிப் படகுகளிலும் கப்பல்களிலும் இணைக்கப்படும் நங்கூரம், கயிறு கட்டும் கொம்பு, கைப்பிடித் தூண், சுக்கான் கீல், உந்தி முதலிய சிறு உலோக உறுப்புகள் ஆகும். கடையில் விற்கப்படும் ஆயத்தத் தொகுப்பு எதையும் பயன்படுத்தாமல், வரைபடத்தையும் மூலப்பொருள்களையும் மட்டும் கொண்டு முழுமையாகக் கையால் கட்டப்படும் மாதிரிகளில் இவ்வுறுப்புகளையும் கட்டுபவரே செய்துகொள்ள வேண்டும். படகின் உடலைத் தச்சு வேலை தெரிந்த ஒருவர் கட்டிவிடலாம். பொருத்துகளைச் செய்வதற்கோ பொற்கொல்லர், பொருத்துநர், கடைசல்காரர் ஆகிய மூவரின் கைத்திறனிலும் சிறு பங்கு தேவைப்படுகிறது.

இப்பொருத்துகள் வெறும் அணிகள் அல்ல. அளவு தவறிய ஒரு கைப்பிடித் தூண் மாதிரி முழுவதன் அளவையும் பொய்யாக்கும். தவறான உலோகத்தில் வார்க்கப்பட்ட நங்கூரம் சில ஆண்டுகளிலேயே வெண்பொடியாகச் சிதையலாம். மேல்தளத்தில் எடை கூடினால் நீரில் விடப்படும் மாதிரி கவிழும். எனவே அளவு, உலோகம், எடை ஆகிய மூன்றும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியவை. இதற்குத் தேவையான அடிப்படைத் திறன்கள் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் தொழிற்கூடங்களில் அன்றாடம் கையாளப்படுபவையே.

## அளவுத்திட்டம்

மாதிரியின் நீளத்துக்கும் உண்மைக் கலத்தின் நீளத்துக்கும் உள்ள விகிதம் அளவுத்திட்டம் எனப்படும். 1:24, 1:48, 1:72, 1:96 ஆகியவை பரவலாக வழங்கும் விகிதங்கள். 1:48 என்பது உண்மைக் கலத்தில் 48 மி.மீ உள்ள நீளம் மாதிரியில் 1 மி.மீ ஆகும் என்பதைக் குறிக்கும்.

கப்பலின் தளத்தைச் சுற்றியுள்ள கைப்பிடி வேலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1966 ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுமைக்கோட்டு உடன்படிக்கையின்படி இவ்வேலி குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். தளத்துக்கும் அடிக்கம்பிக்கும் இடையிலுள்ள இடைவெளி 230 மி.மீ-ஐ மீறலாகாது, மற்றக் கம்பிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி 380 மி.மீ-ஐ மீறலாகாது. 230, 380, 380 ஆகியவற்றைக் கூட்டினால் 990 மி.மீ வரும். கம்பிகளின் தடிப்பையும் சேர்த்தால் ஒரு மீட்டர் நிறைவு பெறும். இதனால்தான் இத்தகைய வேலிகளில் பெரும்பாலும் மூன்று கம்பிகள் காணப்படுகின்றன. 1:48 அளவில் இத்தூணின் உயரம் ஏறத்தாழ 20.8 மி.மீ, அடி இடைவெளி 4.8 மி.மீ, மற்றவை 7.9 மி.மீ. 25 மி.மீ விட்டமுள்ள மேற்கம்பி 0.52 மி.மீ ஆகிவிடும்.

இந்தியக் கடைகளில் கம்பியும் தகடும் பெரும்பாலும் "கேஜ்" எண்ணால் விற்கப்படுகின்றன. பிரித்தானியத் தரக் கம்பி அளவுமுறையான இதில் எண் கூடக்கூடத் தடிப்பு குறையும். மாதிரி வேலைக்கு உதவும் சில அளவுகள்:

- 18 கேஜ்: 1.22 மி.மீ
- 20 கேஜ்: 0.91 மி.மீ
- 22 கேஜ்: 0.71 மி.மீ
- 25 கேஜ்: 0.51 மி.மீ
- 28 கேஜ்: 0.38 மி.மீ
- 30 கேஜ்: 0.32 மி.மீ

மேலே கணித்த 0.52 மி.மீ கம்பிக்கு 25 கேஜ் பொருந்தும். தொடக்கநிலையில் உள்ளோர் தடித்த கம்பியைத் தேர்வது பொதுவான பிழையாகும். 1:48 மாதிரியில் 18 கேஜ் கம்பியை மேற்கம்பியாக வைத்தால், அது உண்மைக் கலத்தில் 58 மி.மீ தடித்த குழாய்க்கு ஒப்பாகும்.

## உலோகத் தேர்வு

பித்தளை: செம்பும் துத்தநாகமும் கலந்த இக்கலப்புலோகமே பெரும்பான்மைப் பொருத்துகளுக்கு ஏற்றது. எளிதில் அறுக்கவும், அரத்தால் தேய்க்கவும், பற்றவைக்கவும் முடியும். கடைசலுக்கென விற்கும் பித்தளைக் கோலில் சிறிதளவு ஈயம் சேர்ந்திருப்பதால் சீவல் குறுகி உடைந்து, வேலை தூய்மையாக அமையும். ஆனால் அக்கோலை வளைத்தால் விரிசல் விடக்கூடும். வளைக்க வேண்டிய உறுப்புகளுக்குத் தகடும் கம்பியுமே ஏற்றவை.

செம்பு: மென்மையானது. கயிற்றைச் சுற்றியுள்ள பட்டைகள், படகின் அடிப்புறத் தகட்டுறை ஆகியவற்றுக்கு உதவும். வலிமை தேவைப்படும் மெல்லிய தூண்களுக்குப் பொருந்தாது.

பாசுபர வெண்கலம்: வளைந்தபின் மீளும் தன்மை உடையது. உந்தித்தண்டின் தாங்கிகளுக்குச் சிறந்தது.

வெள்ளீயம்: 232 பாகை செல்சியசில் உருகுவதால் வீட்டிலேயே வார்க்க இயலும். நங்கூரம், மணி போன்ற திரண்ட உறுப்புகளுக்கு ஏற்றது.

அலுமினியம்: எடை குறைந்தது, எனினும் அதன் மேற்பரப்பில் உடனுக்குடன் படியும் ஆக்சைடு காரணமாகச் சாதாரணப் பற்றாசு ஒட்டாது.

பித்தளையையும் செம்பையும் திரும்பத் திரும்ப வளைத்தாலோ தட்டினாலோ அவை இறுகி உடையும் நிலையை அடைகின்றன. மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சுடவைத்து ஆறவிட்டால் மீண்டும் மென்மை பெறும். பொற்கொல்லர்கள் வேலையின் இடையிடையே உலோகத்தைச் சுடுவது இதற்காகவே.

### ஈயம் சிதைதல்

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், விலை குறைவு, அச்சின் நுண்கோடுகளையும் நிரப்பும். இவற்றால் முற்காலத்தில் ஆயத்தத் தொகுப்புகளின் பீரங்கிகளும் நங்கூரங்களும் ஈயம் மிகுந்த கலவையில் வார்க்கப்பட்டன. மரத்திலிருந்தும் ஒட்டுப்பலகையிலிருந்தும் சில பூச்சுகளிலிருந்தும் வெளிப்படும் அசிட்டிக் காடியின் ஆவி ஈயத்தைத் தாக்கி, கரியமில வளியின் துணையுடன் ஈயக் கார்பனேட்டு என்னும் வெண்பொடியாக மாற்றுகிறது. காற்றோட்டமற்ற கண்ணாடிப் பெட்டியினுள் இவ்வாவி தேங்குவதால் சிதைவு விரைகிறது. ஓக் மரம் இவ்வகையில் மிகவும் தீங்கானது. புளித்த காடி மணம் வீசும் சிலிக்கோன் பசையும் இதே விளைவைத் தரும்.

அமெரிக்கக் கடற்படையின் கப்பல் மாதிரித் தொகுப்புக்குக் காப்பாட்சியராக இருந்த டானா வெக்னர் இச்சிதைவைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஈயத்துக்கு வண்ணம் பூசுவது நிலையான தீர்வாகாது. சிதைவு பூச்சுக்கு அடியிலும் தொடரும். அப்பொடி நச்சுத்தன்மை உடையது. ஆகவே நெடுங்காலம் நிலைக்க வேண்டிய மாதிரியில் ஈயத்தை அறவே தவிர்த்தலும், காட்சிப் பெட்டியில் காற்றுத் துளைகள் வைத்தலும் முறையாகும்.

## கருவிகள்

பெரும்பாலான பொருத்துகளைக் கீழ்க்காணும் கைக்கருவிகளால் செய்துவிடலாம்.

- பொற்கொல்லரின் நுண்வாள். இதன் பற்கள் கைப்பிடியை நோக்கி அமைய வேண்டும், இழுக்கும்போதே அறுக்கும். தகட்டின் தடிப்புக்குள் குறைந்தது இரண்டு பற்களாவது அடங்கும் அலகைத் தேர வேண்டும். இல்லையெனில் அலகு சிக்கி முறியும்.
- தட்டை, அரைவட்டம், முக்கோணம், உருளை வடிவ ஊசி அரங்கள்.
- 0.5 மி.மீ முதல் 2 மி.மீ வரையுள்ள துளைக்கூர்கள், அவற்றைப் பற்றும் கைப்பிடி.
- வெர்னியர் அளவுகோல், குறியூசி, மையக்குத்தி.
- சிறு வைசு, தட்டை மூக்கு, உருண்டை மூக்குக் குறடுகள்.
- பற்றவைப்புக் கோல், சிறு ஊதுவிளக்கு.

ஒரே உறுப்பு பல எண்ணிக்கையில் தேவைப்படும்போது வழிகாட்டி அச்சு இன்றியமையாதது. நாற்பது தூண்களைத் தனித்தனியே அளந்து துளையிட்டால் துளைகள் ஒரு கோட்டில் அமையா. ஒரே அச்சில் வைத்துத் துளையிட்டால் அச்சு சரியாக இருக்கும்வரை நாற்பதும் ஒத்திருக்கும்.

## செய்முறைகள்

### கண்ணாணி

கயிறு கோக்கப் பயன்படும் வளையமுள்ள ஆணி இது. துளைக்கூர் ஒன்றின் தண்டைச் சுற்றிப் பித்தளைக் கம்பியை வளைத்து, இரு முனைகளையும் குறட்டால் பற்றித் தண்டைத் திருகினால் வளையமும் காம்பும் உருவாகும். தண்டின் விட்டமே வளையத்தின் உள்விட்டம் ஆகும். கயிற்றின் இழுவிசை தாங்க வேண்டிய இடங்களில் வளையத்தின் வாயைப் பற்றவைத்து மூட வேண்டும். மரத்தில் முன்னரே துளையிட்டு எப்பாக்சிப் பசையுடன் செருகுவது வழக்கம். நேரே அடித்தால் மரம் பிளக்கும்.

### கயிறு கட்டும் கொம்பு

இருபுறமும் நீண்ட கொம்புகளை உடைய இவ்வுறுப்பின் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 16 மடங்கு இருத்தல் பொது வழக்கு. 12 மி.மீ கயிற்றுக்கு 192 மி.மீ, 1:24 மாதிரியில் 8 மி.மீ. இரண்டு மி.மீ தகட்டில் பக்கத் தோற்றத்தை வரைந்து அறுத்து, கொம்புகளை அரத்தால் உருட்ட வேண்டும். அடித்துளைகளை அறுப்பதற்கு முன்பே இடுவது நல்லது. சிறு துண்டைப் பின்னர் பற்றிப் பிடிப்பது கடினம். துளைக்கூர் சிக்கினால் அது சுழன்று விரலை வெட்டும்.

### கைப்பிடித் தூண்

பித்தளைக் கோலைக் கடைசல் இயந்திரத்திலோ, துளையிடும் கருவியில் பொருத்திச் சுழலவிட்டு அரத்தாலோ தேவையான வடிவுக்குக் கொணரலாம். குறுக்குத் துளையிட, இரும்புத் துண்டு ஒன்றில் தூண் நுழையும் அளவுக்கு நெட்டுத் துளையும், கம்பிகள் வரும் இடங்களில் அதற்குச் செங்குத்தாகச் சிறு துளைகளும் இட்டு அச்சு செய்யப்படுகிறது. உருண்ட பரப்பில் துளைக்கூர் வழுக்குவதை இவ்வச்சு தடுக்கும். தூண்களை மரத்தில் நட்ட பிறகு கம்பியைக் கோத்து, ஒவ்வொரு சந்தியிலும் இம்மியளவு பற்றாசு இட வேண்டும்.

### சுக்கான் கீல்

சுக்கானில் உள்ள ஊசியும், படகின் பின்முனையில் உள்ள வளையமும் சேர்ந்ததே கீல். பித்தளைப் பட்டையை மடித்துச் சுக்கானை அணைக்கும் கவையாக்கி, அதன் முன்முனையில் கம்பித் துண்டைப் பற்றவைத்தால் ஊசி கிடைக்கும். வளையத்துக்குச் சிறு குழாய்த் துண்டு போதும். எல்லாக் கீல்களின் மையமும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிடில் சுக்கான் திரும்பாது. ஆதலால் ஒரே நீண்ட கம்பியை எல்லாக் குழாய்களிலும் கோத்து வைத்தபடியே அவற்றை ஒட்ட வேண்டும்.

### உந்தி

மூன்று இதழ் உந்திக்கு, நடுவிலுள்ள குமிழைப் பித்தளைக் கோலில் கடைந்து, 120 பாகை இடைவெளியில் ஒரே சாய்வில் மூன்று காடிகள் அறுக்கப்படுகின்றன. 20 கேஜ் தகட்டில் வெட்டிய இதழ்களைக் காடிகளில் செருகி வெள்ளிப் பற்றாசால் இணைத்த பின், அடியில் மிகுதியாகவும் நுனியில் குறைவாகவும் சாயுமாறு முறுக்க வேண்டும். இதழ்களின் சாய்வு ஒன்றுக்கொன்று வேறுபட்டால் தண்டு அதிரும். இரு கத்தி முனைகளின் மேல் தண்டுடன் உருளவிட்டு, கீழ்நோக்கி நிற்கும் கனத்த இதழைச் சிறிது சிறிதாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். இரட்டை உந்திக் கலங்களில் ஒன்று மற்றொன்றுக்கு எதிர்த்திசையில் சுழலும் வகையில் இதழ்களைத் திருப்பி அமைக்க வேண்டும்.

### நங்கூரம்

தட்டையான தகட்டில் வெட்டிய நங்கூரம் இயல்பாகத் தோன்றாது. தண்டையும் கைகளையும் தனித்தனியே செய்து பற்றவைப்பது ஒரு முறை. மெழுகில் உருவைச் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுவது மற்றொரு முறை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் படிமங்கள் வார்க்கப்படுவதும் இம்மெழுகு வார்ப்பு முறையிலேயே. வெள்ளீயத்தைச் சுண்ணச்சாந்து அச்சில் வார்ப்பவர்கள் அச்சை முழுமையாக உலர்த்த வேண்டும். ஈரம் எஞ்சியிருந்தால் அது நீராவியாகி உருகிய உலோகத்தை வெளியே வீசும்.

## பற்றவைத்தல்

இரு உலோகத் துண்டுகளை, அவற்றைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசால் இணைப்பது பற்றவைத்தல் ஆகும். இது இருவகைப்படும்.

மென்பற்றாசு வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்டது. 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு ஈயமும் கொண்ட கலவை 183 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த ஈயமற்ற வகை ஏறத்தாழ 217 பாகையில் உருகத் தொடங்கும்.

வெள்ளிப் பற்றாசு பெரும்பாலும் 600 பாகைக்கு மேல் உருகும். இணைப்பு மிக வலிமையானது. வெங்காரம் முதலியவை இளக்கியாகப் பயன்படுகின்றன.

ஒரே உறுப்பில் பல இணைப்புகள் வரும்போது, முதலில் உயர்வெப்பப் பற்றாசையும் பின்னர் தாழ்வெப்பப் பற்றாசையும் பயன்படுத்த வேண்டும். இவ்வரிசை மாறினால் முன்னைய இணைப்பு உருகிப் பிரியும். பற்றாசைச் சுடாமல் உறுப்பைச் சுட்டு, அதன் வெப்பத்தில் பற்றாசு உருகிப் பாயச் செய்வதே சரியான முறை. தூய்மையற்ற பரப்பில் பற்றாசு பாயாமல் மணியாகத் திரளும்.

## மெருகும் பாதுகாப்புப் பூச்சும்

பற்றவைத்த பின் படிந்திருக்கும் ஆக்சைடையும் இளக்கியையும் நீக்க மென்மையான காடி போதும். வீடுகளில் பித்தளைப் பாத்திரம் விளக்கப் பயன்படும் புளியில் உள்ள டார்டாரிக் காடி இதற்கு உதவும். பின்னர் நீரில் நன்கு கழுவி உலர்த்த வேண்டும். காடி எஞ்சினால் இணைப்புகளின் ஓரத்தில் பச்சை நிறக் களிம்பு தோன்றும். சென்னை போன்ற ஈரக்காற்று மிகுந்த இடங்களில் மெருகிட்ட பித்தளை விரைவில் மங்குவதால் நிறமற்ற மெல்லிய வார்னிசு பூசப்படுகிறது. வெறும் கையால் தொட்ட இடத்தில் வியர்வைத் தடம் பூச்சின் அடியில் நிலைத்துவிடும் என்பதால் பூசும் முன் கையுறை அணிவது நன்று.

உண்மைக் கலத்தில் இரும்பாலான உறுப்புகளை மாதிரியில் பளபளப்பாக விடுவது பொருந்தாது. செம்பைக் கந்தகச் சேர்மங்களின் கரைசலில் இட்டுக் கருமையாக்கலாம். பித்தளைக்கு அடிப்பூச்சிட்டுக் கருவண்ணம் பூசலாம்.

## எடையும் மிதப்பும்

நீளம் 48 மடங்கு குறையும்போது கன அளவும் எடையும் 48-இன் முப்படியான 1,10,592 மடங்கு குறைகின்றன. 100 டன் எடையுள்ள படகின் 1:48 மாதிரி நன்னீரில் சரியான கோட்டில் மிதக்க, மின்பொறி, மின்கலம் அனைத்தும் உட்பட ஏறத்தாழ 900 கிராமே இருக்கலாம். பித்தளையின் அடர்த்தி தேக்கின் அடர்த்தியைப் போல ஏறத்தாழ 13 மடங்கு. எனவே மேல்தளத்தில் சேரும் 50 கிராம் பித்தளையும் ஈர்ப்பு மையத்தை உயர்த்தி மாதிரியைக் கவிழ்க்கக்கூடும். நீரில் ஓடும் மாதிரிகளில் பாய்மர உச்சியின் உறுப்புகளை மெல்லிய தகட்டிலும் உள்ளீடற்ற குழாயிலும் செய்வது இதனால்தான். காட்சிக்கு மட்டும் உரிய மாதிரிகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

## சென்னையின் மேற்குப் புறநகரில்

அம்பத்தூரில் 1949 இல் டி.ஐ. சைக்கிள்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1964 இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நிறுவப்பட்டது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961 இல் அமைக்கப்பட்டு, 1965 இல் முதல் விசயந்தா கவச ஊர்தியை உருவாக்கியது. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 இல் கலைக்கப்பட்ட பின் இத்தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்திகள் நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. பூந்தமல்லியை அடுத்த திருமழிசையிலும் சிறுதொழில் பேட்டை உள்ளது. இவை மிதிவண்டி, தானுந்து, கவச ஊர்தி ஆகியவற்றின் தேவைக்காக வளர்ந்தவை. எனினும் இவற்றால் கடைசல், துருவல், சாணை, பற்றவைப்பு ஆகிய வேலைகளைக் கூலிக்குச் செய்யும் சிறு பட்டறைகளும், அவ்வேலைகளில் தேர்ந்த தொழிலாளரும் இவ்வட்டாரத்தில் மிகுந்தனர்.

மாதிரி கட்டுபவருக்கு இச்சூழல் இரு வகையில் பயன்படுகிறது. முதலாவது, உந்திக்குமிழ், தண்டுக்குழாய், துளையிடும் அச்சு போன்ற நுட்பமான கடைசல் தேவைப்படும் ஓரிரு உறுப்புகளை லேத்துப் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஒரு மி.மீ-க்கும் மெலிந்த உறுப்புகளைப் பெரிய இயந்திரத்தில் செய்வதைவிடக் கையால் செய்வதே எளிது. இரண்டாவது, தொழிற்பயிற்சி நிலையங்களின் பொருத்துநர் பிரிவில் மாணவர் முதலில் கற்கும் குறியிடல், அறுத்தல், அரத்தால் சமதளம் தேய்த்தல், துளையிடல் ஆகிய நான்குமே மாதிரிப் பொருத்துகளின் அடிப்படை வேலைகள். அத்தொழில் அறிந்தவர் புதிதாகக் கற்க வேண்டியது அளவின் சிறுமையை மட்டுமே.

இந்தியாவில் மாணவரிடையே இக்கலை பரவத் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவும் காரணமாகும். கப்பல் மாதிரி கட்டுதல் அப்பிரிவின் பயிற்சியில் இடம்பெறுகிறது; அகில இந்திய நௌசைனிக் முகாமில் போட்டியாகவும் நடத்தப்படுகிறது.

## உள்ளூர்க் கலங்களும் உலோகமும்

எல்லாக் கலங்களுக்கும் உலோகப் பொருத்துகள் உரியவை அல்ல. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்பட்டது. சென்னையில் துறைமுகம் அமையும் முன், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மக்களையும் சரக்கையும் கரைக்குக் கொணர்ந்த மசூலாப் படகின் பலகைகள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி அடித்த விறைப்பான படகு கரையலையில் மோதி உடையும். தைத்த படகோ நெகிழ்ந்து கொடுக்கும். இக்கலங்களை மாதிரியாகக் கட்டுவோர் பித்தளை ஆணிகளையோ கண்ணாணிகளையோ சேர்ப்பது வரலாற்றுப் பிழையாகும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சேம்சு ஆர்னெல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920 இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய மாதிரிகளுக்கு நல்ல ஆதாரம்.

மாறாக, தூத்துக்குடித் தோணிகளும் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல்களும் ஆணியும் இரும்பு உறுப்புகளும் கொண்டவை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கப்பல், புளோரன்சு சி. ராபின்சன் எனப் பெயர் மாற்றப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள குளோசுட்டர் துறைமுகத்தை அடைந்தது. இவ்வகைக் கலத்தின் மாதிரிக்குச் சுக்கான் கீல், நங்கூரம், கப்பிப் பட்டைகள் ஆகிய அனைத்தும் தேவைப்படும்.

## பாதுகாப்பு

- ஈயப் பற்றாசைக் கையாண்டபின் உண்பதற்கு முன் கைகளைக் கழுவ வேண்டும். சிறுவர்களுக்கு ஈயமற்ற வகையே தகுந்தது.
- பழைய வெள்ளிப் பற்றாசு வகைகள் சிலவற்றில் காட்மியம் உண்டு. அதன் புகை உயிருக்கு ஆபத்தானது. காட்மியம் அற்றது எனக் குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும்.
- பித்தளையை மிகையாகச் சுட்டால் துத்தநாகம் ஆவியாகி வெண்புகை எழும். அதைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் உண்டாகும்.
- காடியை நீர்க்கச் செய்யும்போது நீரில் காடியை ஊற்ற வேண்டும். காடியில் நீரை ஊற்றலாகாது.
- அறுத்தல், துளையிடல், பற்றவைத்தல் ஆகிய வேலைகளின்போது கண்காப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

## இவற்றையும் பார்க்க

- கட்டுமரம்
- மெழுகு வார்ப்பு முறை
- பற்றவைத்தல்
- பித்தளை
- அம்பத்தூர்த் தொழிற்பேட்டை